மயிலாத்தாளின் இரண்டாவது மாடு

நவம்பர் 3, திங்கள்

காலையில் கால்நடை மருந்தகத்தில் கோழிகளுக்குத் தடுப்பூசி. மேற்குச் சுவர் மழையில் ஊறி, மருந்து அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அலமாரியை நகர்த்த வேண்டும் என்று சின்னச்சாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் இங்கே உதவியாளர். நான் டாக்டராக வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அவர் இருபது வருடமாக இருக்கிறார். இருந்தும் அலமாரி நகரவில்லை.

பத்து மணிக்குமேல் ஊத்துத்தோட்டத்திலிருந்து அழைப்பு. மயிலாத்தாள் என்பவருடைய மாடு, தலையீத்து, முதல் கன்று. விடியலிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை என்றார்கள். போனோம். பிறப்புவழி குறுகலாக இருந்தது. கன்றின் கால்களில் கயிறு கட்டி இழுத்தோம். கன்று இறந்தே வந்தது. பிறகு மாடும் இறந்துவிட்டது. தாமதமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை முடித்து, குழியை மூடும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. சாப்பிடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தலைவலி. அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இங்கே சிக்னல் சரியில்லை.

நவம்பர் 5, புதன்

வலது மணிக்கட்டில் சுளுக்கு. அன்றைக்குக் கயிறு இழுத்ததில் வந்திருக்க வேண்டும். கட்டு போட்டுக்கொண்டேன். சினைப் பரிசோதனைக்கு வந்த மாடுகளை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். சுளுக்கு முற்றிலும் சரியாகாமல் கையை உள்ளே விடக்கூடாது, மாட்டுக்கும் நல்லதல்ல.

சோப்பை மாற்ற வேண்டும். இது எத்தனை தடவை தேய்த்தாலும் வாடையைப் போக்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

அப்பாவிடம் பேசினேன்.

"என்னம்மா, குரலே சரியில்ல?"

"மழைப்பா. சளி."

"மெட்ராஸ் கம்பெனிக்காரங்க திரும்பவும் கேட்டாங்க. தீவன ஆராய்ச்சிதான். உக்காந்த இடத்துல வேலை. சாணியிலயும் சகதியிலயும் நீ ஏன் கெடந்து அல்லாடுத? கோல்டு மெடல் வாங்குன பிள்ள செய்ய வேண்டிய வேலையா அது?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் சண்டை போடுவேன். இன்று போடவில்லை. அப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். தூத்துக்குடியில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவர் ஒரு வாக்கியம் சொல்வார்: "எங்க பியூலா எதுலயும் தோத்ததே கிடையாது." உண்மைதான். எல்கேஜியிலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரிவரை எதிலும் தோற்றதில்லை. ஸ்கூட்டர் லைசென்ஸைக்கூட ஒரே தடவையில் வாங்கினேன்.

"யோசிக்கேன்பா" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

கரட்டுமேட்டிலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். மாடு ஈனுவதற்குக் கஷ்டப்படுகிறதாம். வண்டி பிடித்து மாவட்டப் பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடுங்கள், அங்கே எல்லா வசதியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது சரியான ஆலோசனைதான். சின்னச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

மாலையில் தகவல் வந்தது. போகிற வழியிலேயே வண்டிக்குள் மாடு தானாக ஈன்றுவிட்டதாம். பெண் கன்று. சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் வந்தது. சின்னச்சாமி அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நவம்பர் 12, புதன்

மயிலாத்தாள் வந்திருந்தார்.

மருந்து எடுக்கிற வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. உள்ளறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து தடுப்பூசிக் குப்பிகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். வரிசை தீர்ந்திருக்கும் என்று வெளியே வந்தபோது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த, எலும்பு தெரிகிற முகம்.

"பூச்சி மருந்து வேணுமுங் டாக்டரம்மா. ஆட்டுக்கு."

கொடுத்தேன்.

"கைல என்னங் கட்டு?"

"சுளுக்குங்க."

என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. மருந்துப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"இன்னொன்னு நெறமாசமா நிக்குதுங். செவலை. செத்துப்போனதோட அக்கா. மாசக் கடைசில ஈனுமாட்ட இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தப் பெஞ்சில் நான் உட்காரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சின்னச்சாமி அண்ணன் மதியம் சாப்பிடும்போது கேட்டார்: "ஏனுங்மா, நேத்து வரைக்கும் சோத்தாங்கைலதான கட்டு இருந்துச்சு?"

குனிந்து பார்த்தேன். இடது கையில் கட்டியிருந்தேன்.

இரண்டிலும் வலி என்றேன். அவர் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தன் மருமகன் புது வீட்டுக்கு நிலை வைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலுக்கு, ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியிருப்பதையெல்லாம் படித்துப் பார்த்தேன். நான் இதை யாருக்காக எழுதுகிறேன்? நானே எனக்குப் பொய் எழுதி வைத்தால் யார் வந்து திருத்தப்போகிறார்கள்?

சரி, நடந்ததை எழுதுகிறேன்.

தாமதமாகக் கூப்பிட்டார்கள் என்பது பொய். சரியான நேரத்தில்தான் கூப்பிட்டார்கள். பிறப்புவழி குறுகல் என்று எழுதியிருக்கிறேன். அது குறுகல் அல்ல. கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணியைப் பிழிந்தால் எப்படிச் சுருளும், அப்படி. முறுக்கை எடுக்காமல் கன்றை இழுத்தால் கருப்பை கிழியும். கிழிந்தால் மாடு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிச் சாகும். மூன்றாம் வருடத் தேர்வில் இதைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. படம் வரைந்து பாகம் குறித்தேன். முழு மதிப்பெண்.

முதல் தடவை கையை உள்ளே விட்டபோது ஒரு மடிப்பு தட்டுப்பட்டது. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மடிப்பு. அது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. சுற்றிலும் தோட்டத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். மயிலாத்தாளின் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி, "சின்னப் புள்ளையா இருக்குதே, இதுக்குத் தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால் தெரிந்தவளாக நடந்துகொண்டேன். "தலையீத்துதானே, குறுகலாத்தான் இருக்கும். இழுங்க" என்றேன்.

இழுத்தார்கள். கன்று வரவில்லை. கயிறு விறைத்து நின்றபோது மாடு ஒரு சத்தம் போட்டது. வலியில் போடும் சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. என்னவோ தப்பாகப் போகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. இதைத்தான் இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்தது. "நிறுத்துங்க, எனக்கு விளங்கல, பெரிய டாக்டரைக் கேக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அந்த வாக்கியத்தை நான் வாழ்நாளில் சொன்னதே இல்லை. எனக்கு அது சொல்ல வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றேன்.

மாடு செத்த பிறகு, என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும் என்று பொன்னுச்சாமி பிடிவாதம் பிடித்தார். குழியோரத்தில் போட்டு நானே அறுத்துப் பார்த்தேன். முறுக்கு அப்படியே இருந்தது. கிழிசலும் இருந்தது. "முறுக்கியிருக்கு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. மயிலாத்தாள் குனிந்து பார்த்தார். "முன்னமே தெரிஞ்சா எடுத்திருக்கலாமுங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று. அவர் அழவில்லை. மாட்டின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் நடந்துபோனார்.

மணிக்கட்டில் சுளுக்கு எதுவும் இல்லை.

நவம்பர் 19, புதன்

ஒரு ஆட்டைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குட்டியின் தலை மடங்கியிருந்தது. இரண்டு விரல் வேலை. சின்னச்சாமி அண்ணனைச் செய்யச் சொன்னேன். "எனக்கெதுக்குங்மா இந்தப் பொல்லாப்பு? நான் ஊசிக்கு மாடு புடிக்கற ஆளுங்" என்று பின்வாங்கினார். வேறு வழியில்லாமல் நான்தான் செய்தேன். இரண்டு குட்டிகள், இரண்டும் பிழைத்தன. ஆட்டுக்காரம்மாள் கும்பிட்டார். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

பெரிய மாடு வாசலில் கத்தினாலே உள்ளறைக்குப் போய்விடுகிறேன்.

நவம்பர் 22, சனி

சென்னைக் கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நேர்காணல். மாசக் கடைசி முழுக்க விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம்: குடும்ப நிகழ்ச்சி. அப்பாவுக்குச் சந்தோஷம். "கிளம்பி வந்துரும்மா, அப்பாவும் மெட்ராஸ் வாரேன்" என்றார்.

நேர்காணலுக்காக மட்டும்தான் இந்தத் தேதியில் விடுப்பு எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

இருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

விடாத மழை. அமராவதி ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்கிறார்கள். பெட்டி கட்டினேன். செவலை இன்னும் ஈனவில்லையாம். கேட்காமலேயே சின்னச்சாமி அண்ணன் சொன்னார். வியாழக்கிழமை கிளம்பும்வரை அது ஈனக்கூடாது என்று ஜெபித்தேன். இப்படி ஒரு ஜெபத்தை யாராவது செய்திருப்பார்களா?

நவம்பர் 27, வியாழன்

உடம்பெல்லாம் வலிக்கிறது. தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

காலையில் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தாராபுரம் போய் அங்கிருந்து ஈரோடு, பிறகு ரயில். மொபெட் ஒன்று சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் நின்றது. உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டிருந்தார் மயிலாத்தாள்.

"செவலைக்கு வலி வந்திருச்சுங். எந்திரிக்குது, படுக்குது, வகுத்த எட்டி எட்டி உதைக்குது. தண்ணிக்கொடம் வரவே இல்லீங்."

"நான் லீவுங்க. சென்னைக்குப் போறேன்."

"தெரியுமுங். சின்னச்சாமியண்ணன் சொன்னாங்."

பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டர் வெள்ளப் பகுதி முகாமுக்குப் போயிருக்கிறார். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிட்டேன். தரைப்பாலத்துக்குமேல் தண்ணீர் போகிறது, சாயந்திரம்வரை வர முடியாது என்றார்கள். பக்கத்து மருந்தகத்து டாக்டர் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். மயிலாத்தாள் நனைந்துகொண்டே காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அப்ப நீங்களே கெளம்பி வாங் டாக்டரம்மா."

"வேண்டாங்க அக்கா. என்னால முடியாது. உங்க முதல் மாட்டை நான்தான்..."

"ஆமாங். நீங்கதான்." அவர் குரல் உயரவில்லை. "அதுல எனக்கு ஆத்தரம் இல்லைன்னு நெனச்சுக்காதீங். இன்னமும் இருக்குது. எம்பட மாட்டக் கொன்னுதான் நீங்க அதக் கத்துக்கிட்டீங். அந்தப் படிப்பக் கொண்டுபோயி மெட்ராஸ்ல யாருக்குங் வெக்கப்போறீங்?"

பேருந்து வந்துவிட்டது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "ஏறறீங்களா இல்லியாம்மா?" நான் பெட்டியைத் தூக்கினேன், திரும்பவும் கீழே வைத்தேன். அவர் விசில் கொடுத்துவிட்டார்.

தைரியம் வந்து நின்றேன் என்று எழுதினால் அது பொய். ஏறுவதற்கும் பயமாக இருந்தது, நிற்பதற்கும் பயமாக இருந்தது. பேருந்து போய்விட்டதால் நின்றேன்.

பெட்டியை டீக்கடையில் வைத்துவிட்டு, மருந்தகத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, சின்னச்சாமி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுத்தரையில் செவலை பக்கவாட்டில் படுத்திருந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் பழைய முளைக்குச்சி ஒன்று மாடில்லாமல் நின்றது. பொன்னுச்சாமி என்னைப் பார்த்ததும், "இந்தம்மாளையா கூட்டிக்கிட்டு வந்தே?" என்று மனைவியிடம் சீறினார். சோளம் அறுக்க வந்திருந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். அதே மாதிரி கூட்டம், அதே மாதிரி வாடை.

கையிலிருந்த கட்டை அவிழ்த்து எறிந்தேன். சோப்பு போட்டுத் தேய்த்துக் கையை உள்ளே விட்டேன். பாதி தூரம் போனதுமே தெரிந்துவிட்டது. அந்த மடிப்பு. கனவிலும், குளிக்கும்போதும், சோறு பிசையும்போதும் என் விரல்கள் தடவிக்கொண்டே இருந்த அதே மடிப்பு. புத்தகத்தில் படித்ததை அன்று அடையாளம் காணத் தவறினேன். தொட்டுத் தோற்றதைத் தவறவிட வழியே இல்லை.

"முறுக்கியிருக்கு" என்றேன். "இழுக்கக் கூடாது. யாரும் கயித்தைத் தொடாதீங்க. மாட்டைக் கிடத்தி உருட்டணும்."

செய்ய வேண்டியது இதுதான்: முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக மாட்டைக் கிடத்தி, கால்களைக் கட்டி, வயிற்றின்மேல் பலகை வைத்து ஒருவர் ஏறி அழுத்த வேண்டும். உள்ளே கருப்பை நகராமல் நிற்கும். அப்போது மாட்டின் உடம்பை மட்டும் சட்டென்று புரட்டினால் முறுக்கு அவிழும். பக்கம் மாறினால் முறுக்கு இன்னும் இறுகும்.

எந்தப் பக்கம்? பெரும்பாலும் வலப்பக்கம் என்று புத்தகம் சொல்லும். என் விரல்களுக்கு வேறு மாதிரிப் பட்டது. ஆனால் நான் என் விரல்களை நம்பவில்லை. நம்புகிற நிலையில் இல்லை. வலப்பக்கம் என்றேன்.

கட்டிலில் இருந்த பலகையை எடுத்துவந்தார்கள். பொன்னுச்சாமி ஏறி நின்றார். எல்லோருமாகச் சேர்ந்து புரட்டினோம். சேறு தெறித்தது. செவலை கத்தியது. மண்டியிட்டு மறுபடியும் கையை விட்டேன்.

வழி இன்னும் சுருங்கியிருந்தது. முன்னால் போன இடம்வரைகூடக் கை போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றாம் தேதி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. "இன்னொரு தடவை இதே மாதிரி புரட்டுங்க" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. எவ்வளவு சுலபம்! மாடு செத்தால் மழையின்மேலும் விதியின்மேலும் போட்டுவிடலாம்.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "நிறுத்துங்க. தப்புப் பண்ணிட்டேன். நான் சொன்ன பக்கம் தப்பு. இறுகிப்போச்சு. மாத்திக் கிடத்தணும்."

பொன்னுச்சாமி பலகையைக் கீழே எறிந்தார். "மறுக்காவா? மறுக்காவும் தப்பா? இதுக்குத்தான் இந்தம்மா வேண்டாமுன்னேன்!"

என் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பேசினேன். "திட்டுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்பப் பலகையை எடுங்க. போன தடவை தப்புன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. அதனாலதான் அது செத்துச்சு."

மயிலாத்தாள் குனிந்து பலகையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார். "இந்தவாட்டி சொல்லிப்போட்டாங்கல்ல. ஏறி நில்லுங்."

இடப்பக்கமாகக் கிடத்தினோம். புரட்டினோம். கையை விட்டுப் பார்த்தேன். மடிப்பு கொஞ்சம் இளகியிருந்தது. "சரியா வருது, இன்னொரு தடவை" என்றேன். மறுபடியும் புரட்டினோம். இந்தத் தடவை கை உள்ளே இருக்கும்போதே ஏதோ ஒன்று தளர்ந்து புரண்டது. பனிக்குடம் உடைந்து, வெதுவெதுப்பாக நீர் என் தோள்வரை பாய்ந்து முகத்தில் அடித்தது. சின்னச்சாமி அண்ணன் "முருகா" என்று கத்தினார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கன்றை மெதுவாக எடுத்தோம். காளைக் கன்று. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் குத்தி, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, நெஞ்சைத் தேய்த்து, ஆனதெல்லாம் செய்தேன். மூச்சு வரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். மயிலாத்தாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உடுங் டாக்டரம்மா. அது போயிருச்சு."

"நான் முதல்லயே சரியான பக்கம் உருட்டியிருந்தா பொழைச்சிருக்கலாம். பஸ் ஸ்டாப்புல அவ்வளவு நேரம் நிக்காம வந்திருந்தா..."

"இருக்கலாமுங்" என்றார். இல்லை என்று ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

செவலைக்குக் குளுக்கோஸ் ஏற்றி, மருந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்தேன். உள்ளே எங்கும் கிழியவில்லை என்று நிச்சயமாகும்வரை போக எனக்கு மனமில்லை. "பொழைச்சுக்குமுங்களா?" என்று பொன்னுச்சாமி கேட்டார். "தெரியலைங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்கயே இருக்கேன்" என்றேன். அவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

பொழுது சாயும்போது செவலை முன்னங்கால்களை ஊன்றியது. சறுக்கியது. மறுபடியும் ஊன்றியது. பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி, எழுந்து நின்றது. மயிலாத்தாள் தண்ணீர் காட்டினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செத்த கன்றை நக்க ஆரம்பித்தது. அப்போதுதான் மயிலாத்தாள் அழுதார். இரண்டு மாட்டுக்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

நேர்காணலுக்குப் போகவில்லை. அப்பா சென்னை ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்க? உன் வண்டி வந்து எவ்வளவு நேரமாச்சு!"

"நான் வரலப்பா." ஏதாவது காரணம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. "அப்பா, நான் தோத்துட்டேம்பா. என் தப்பால ஒரு மாடு செத்துப்போச்சு. நேத்து ஒரு கன்னும் போச்சு. ஒரு மாடு பொழைச்சிருக்கு. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, "எனக்கு என்ன சொல்லன்னு தெரியலம்மா" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"முதல்ல சாப்பிடு. நான் அங்க வாரேன்."

சாப்பிட்டேன். பிறகு செவலையைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் இல்லை, தீவனம் எடுக்கிறது. பொன்னுச்சாமி என்னோடு பேசவில்லை. ஆனால் மாட்டைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. அப்பா மூன்று நாள் இருந்துவிட்டு இன்று காலைதான் ஊருக்குப் போனார். இருந்த நாட்களில் சின்னச்சாமி அண்ணனோடு சேர்ந்து அந்த மருந்து அலமாரியை நகர்த்திச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊராம். எருமை, விடியலிலிருந்து முக்குகிறதாம்.

"உங்க ஊருக்கு வேற டாக்டர் இருப்பாங்களே" என்றேன்.

"இருக்காங்க. ஊத்துத்தோட்டத்து மயிலாத்தா எங்க பங்காளி வூட்டுப் பொண்ணுங். அதுதான் உங்களக் கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுச்சு."

"என்ன சொன்னாங்க?"

அவர் சொல்லலாமா வேண்டாமா என்று சின்னச்சாமி அண்ணனைப் பார்த்தார்.

"அந்தம்மாளுக்குத் தப்பு நேருமுங், ஆனா தப்புன்னா அங்கயே வாயத் தொறந்து சொல்லிப்போடும், நம்பிக் கூட்டிக்கிட்டுப் போலாமுன்னுச்சுங்."

எருமையை நான் இதுவரை தனியாகப் பார்த்ததே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். பரவால்லீங், வாங் என்றார். பையை எடுத்துக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் ஏறினேன். அது எத்தனையாவது ஈத்து, எப்போதிலிருந்து வலி, தண்ணீர்க்குடம் வந்ததா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். என் குரல் நடுங்குவது அவருக்கும் கேட்டிருக்கும்.